உருளைக்கிழங்கின் வேரில் உறங்கும் புழு

நீங்கள் உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ குடியிருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் பின்புறம் நான்கு பாத்தி கட்டி உருளைக்கிழங்கு நட்டிருக்கிறீர்கள். சென்ற ஆண்டும் அதே இடத்தில்தான் நட்டீர்கள்; அதற்கு முந்திய ஆண்டும் அப்படியே. இந்த ஆண்டு என்னவோ செடிகள் சரியாக எழும்பவில்லை. நடுவில் ஒரு திட்டாகச் சில செடிகள் குட்டையாக நிற்கின்றன. பகல் வெயிலில் வாடிச் சாய்கின்றன. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. இலையைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். பூச்சி ஒன்றும் இல்லை. உரம் போதவில்லை போலும் என்று இன்னும் ஒரு கூடை எருவைக் கொட்டுகிறீர்கள். கடைசியில் மண்ணைக் கிளறிப் பார்த்தால், கோலிக்குண்டு அளவில் ஏழெட்டுக் கிழங்குகள்!

மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் உயிரினங்கள் பல உண்டு. வெள்ளை வேர்ப்புழு கிழங்கைக் குடைந்து தின்னும். வெட்டுப்புழு தண்டையும் கிழங்கையும் கடிக்கும். இவை கண்ணுக்குத் தெரியும். கடித்த அடையாளத்தையும் விட்டுச் செல்லும். ஆனால் நாம் இங்கே காணப் போகும் எதிரி கிழங்கைக் கடிப்பதே இல்லை. வேருக்குள் புகுந்து, செடியின் உணவை உறிஞ்சி, கிழங்கு பருக்காமல் செய்துவிடும். அதன் பெயர் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு. அதில் இரண்டு இனங்கள் உண்டு. முதலில் அறியப்பட்டதைத் தங்க நூற்புழு என்பர்.

மனிதன் இந்தப் புழுவைக் கண்டுபிடித்ததும், நஞ்சிட்டு அழிக்க முயன்றதும், அதில் தோற்றுப் பாடம் கற்றதும் சுமார் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் உங்கள் கொல்லைப் பாத்தியை என்ன செய்வது என்பதும் விளங்கிவிடும்.

தாயகம் ஆண்டிஸ் மலை

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். இன்றைய பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையில் டிட்டிகாகா என்றொரு பெரிய ஏரி இருக்கிறது. அதனைச் சுற்றியுள்ள உயர்ந்த மேட்டு நிலங்களில் ஏறத்தாழ 7,000, 8,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் காட்டு உருளையைப் பயிராக்கத் தொடங்கிவிட்டனர். நூற்புழுவின் தாயகமும் அதே மலைதான். செடியும் புழுவும் நெடுங்காலம் ஒரே மண்ணில் சேர்ந்து வாழ்ந்தவை.

அப்படியானால் அங்கே உருளைக்கிழங்கு எப்படி அழியாமல் பிழைத்தது? ஆண்டிஸ் கிராமங்கள் பலவற்றில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஊரின் நிலம் முழுவதையும் பல பகுதிகளாகப் பிரித்துக்கொள்வார்கள். எந்த ஆண்டு எந்தப் பகுதியில் உருளை நடுவது என்பதை ஊரே கூடி முடிவு செய்யும். ஒரு பகுதியில் முதலாண்டு உருளை. அடுத்த ஆண்டு ஓகா போன்ற வேறு கிழங்கு. அதன் பின் கினோவா, வாற்கோதுமை, அவரை போன்றவை. பிறகு பல ஆண்டுகள் அந்த நிலத்தைத் தரிசாக விட்டு ஆடு மேய்ப்பார்கள். உருளை மீண்டும் அதே நிலத்துக்குத் திரும்பி வர ஏழாண்டோ அதற்கு மேலோ ஆகும். கெச்சுவா மொழியில் இந்த முறைக்கு ‘லாய்மி’ என்றும், அய்மாரா மொழியில் ‘ஐனோக்கா’ என்றும் பெயர்.

அம்மக்கள் நூற்புழுவைக் கண்டதில்லை. அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை. ஆனால் உருளை நட்ட நிலத்தில் உடனே மீண்டும் உருளை நட்டால் விளையாது என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

கப்பலேறிய மண்

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் உருளைக்கிழங்கை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே இருநூறு ஆண்டுகளுக்குள் அது ஏழைகளின் முதன்மை உணவாயிற்று. 1845-இல் அயர்லாந்தில் கருகல் நோய் தாக்கியது. பயிர் அழுகியது, பஞ்சம் வந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர்.

இந்தக் கொடுமைக்குப் பிறகு, கருகல் நோயைத் தாங்கும் புதிய ரகங்களைத் தேடித் தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் கிழங்குகளை வரவழைத்தனர். அந்தக் கிழங்குகளில் ஒட்டியிருந்த மண்ணோடுதான் நூற்புழுவின் முட்டைக்கூடுகளும் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். ஒரு நோய்க்கு மருந்து தேடப் போய் இன்னொரு நோயை வாங்கி வந்த கதை இது. 2008-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, மேற்கு ஐரோப்பாவில் பரவியுள்ள இரண்டாவது இனப் புழுக்கள் தெற்குப் பெருவின் ஒரு சிறு பகுதியிலிருந்து வந்தவை என்று காட்டியது. அதாவது, ஒரு சில மூட்டைக் கிழங்குகளே ஒரு கண்டத்துக்குப் போதுமானவையாக இருந்தன!

குன் கண்ட புள்ளிகள்

ஜெர்மனியில் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் யூலியஸ் குன் என்ற வேளாண் பேராசிரியர் இருந்தார். அக்காலத்தில் அந்நாட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போன்ற பயிரன்று, சர்க்கரைப் பீட்ரூட் பயிரே சர்க்கரை ஆலைகளுக்கு ஆதாரம். ஆண்டுதோறும் அதையே பயிரிட்ட நிலங்களில் விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. ‘நிலம் களைத்துவிட்டது’ என்றனர் உழவர்கள். உரம் போட்டும் பயனில்லை. நிலம் களைக்கவில்லை, வேரில் நூற்புழு இருக்கிறது என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் குன். 1871-இல் கார்பன் டைசல்பைடு என்ற திரவத்தை மண்ணில் செலுத்திப் புழுவைக் கொல்லவும் அவர் முயன்றார். மண்ணுக்குள் நச்சாவி செலுத்தும் முறையின் தொடக்கம் இதுவே. ஆனால் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

1881-இல் குன் உருளைக்கிழங்கு வேரிலும் அதே போன்ற முட்டைக்கூடுகளைக் கண்டார். பீட்ரூட்டில் உள்ள புழுதான் இங்கும் வந்திருக்கிறது என்றே எண்ணினார். இது வேறு இனம் என்று தெளிவாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1923-இல் வொல்லன்வெபர் என்ற அறிஞர் அதற்குத் தனிப் பெயர் சூட்டினார். ரோஸ்டாக் என்ற ஜெர்மன் நகரின் பெயரால் ‘ரோஸ்டோக்கியன்சிஸ்’ என்றார். ஆண்டிஸ் மலையில் பிறந்த புழு இப்படியாக ஜெர்மன் நகரத்தின் பெயரைப் பெற்றது.

முட்டைக்குள் முப்பது ஆண்டு

இந்தப் புழுவின் வாழ்க்கையை இனிச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் அதன் வலிமையும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர் அளவே. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதன் வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனால் வேரைத் துளைத்து உள்ளே நுழைகிறது. ஓரிடத்தில் தங்கி, சுற்றியுள்ள செல்களை ஒன்றாக இணையச் செய்து தனக்கொரு உணவுக் களஞ்சியமாக்கிக்கொள்கிறது. ஆண் புழு வளர்ந்ததும் வேரை விட்டு வெளியேறுகிறது. பெண் புழு அங்கேயே தங்கிப் பருத்து, வேரின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியத் தொடங்குகிறது. முதலில் வெண்மை, பிறகு பொன்மஞ்சள். அதனால்தான் தங்க நூற்புழு என்ற பெயர். இறுதியில் பெண் புழு இறக்கிறது. அதன் உடற்தோலே கெட்டியாகிப் பழுப்பு நிற முட்டைக்கூடாக மாறுகிறது. கசகசாவை விடச் சிறிய அந்த உருண்டைக்குள் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். தாய் இறந்தும் தன் உடலையே பிள்ளைகளுக்குப் பெட்டகமாக்கி வைக்கிறாள்!

இந்தக் கூடு மண்ணில் உதிர்ந்து கிடக்கும். குளிரும் வறட்சியும் அதை ஒன்றும் செய்யா. இருபது ஆண்டுகளுக்கு மேலும், சில சமயம் முப்பது ஆண்டு வரையிலும்கூட, உள்ளே முட்டைகள் உயிரோடு இருக்கும். அவை எதற்காகக் காத்திருக்கின்றன?

உருளைக்கிழங்கு வேர் மண்ணில் வளரும்போது சில வேதிப்பொருள்களைக் கசிய விடுகிறது. முட்டைக்குள் இளம்புழு டிரெஹலோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில் ஊறியபடி, நீர் குறைந்த நிலையில் அசையாமல் கிடக்கிறது. வேர்க்கசிவு வந்து பட்டதும் முட்டையோட்டின் தன்மை மாறுகிறது. சர்க்கரை வெளியேறுகிறது, நீர் உள்ளே புகுகிறது. புழு விழித்தெழுந்து தன் வாயூசியால் ஓட்டைக் குத்திக் கிழித்து வெளியே வருகிறது. இந்தத் துயிலெழுப்பும் பொருள்களுள் ஒன்றான ‘சோலனோஎக்லெபின் ஏ’ என்பதன் அமைப்பை நெதர்லாந்து அறிஞர்கள் 1999-இல் வெளியிட்டனர். 2011-இல் ஜப்பானிய வேதியியலார் அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். மிக மிகச் சிறிய அளவே போதும், முட்டை விழித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். கேரட்டின் வேரோ முட்டைக்கோசின் வேரோ அருகில் வளர்ந்தால் இந்தப் புழு அவற்றை உண்டு பிழைக்காது. உருளைக்கிழங்கும், அதன் உறவினரான தக்காளியும் கத்தரியுமே இதற்கு உணவு. அதாவது, இந்த எதிரியை எழுப்பி விருந்து வைப்பவர் நாமேதான்!

நஞ்சின் காலம்

இது தெளிவாகத் தெரிவதற்கு முன்பே நஞ்சின் காலம் தொடங்கிவிட்டது. 1943-இல் ஹவாய்த் தீவில் அன்னாசித் தோட்ட ஆய்வாளர் வால்டர் கார்ட்டர், ‘டி-டி’ எனப்படும் மலிவான கலவை மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்வதைக் கண்டார். அதன்பின் மெத்தில் புரோமைடு முதலிய நச்சாவிகள் பெருமளவில் மண்ணில் செலுத்தப்பட்டன.

அமெரிக்காவில் இப்புழு 1941-இல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், ஹிக்ஸ்வில் என்ற ஊரில் கண்டறியப்பட்டது. முதல் உலகப்போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய இராணுவத் தளவாடங்களில் ஒட்டியிருந்த மண்ணோடு அது வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அரசு கட்டுப்பாடுகள் விதித்தது. 1948-இல் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. போருக்குப் பின் அப்பகுதியின் உருளைக்கிழங்கு வயல்கள் பல வீட்டுமனைகளாயின. 1947-இல் கட்டத் தொடங்கிய புகழ்பெற்ற லெவிட்டவுன் குடியிருப்பும் அத்தகைய நிலத்தில் எழுந்ததே.

எஞ்சிய வயல்களில் 1970-களில் ஆல்டிகார்ப் என்ற மருந்தைப் போட்டனர். கொலராடோ வண்டையும் நூற்புழுவையும் ஒருங்கே அடக்கும் என்பது நம்பிக்கை. லாங் தீவின் மண் மணற்பாங்கானது. மழைநீர் எளிதில் கீழே இறங்கும். 1979-இல் அங்கே கிணற்று நீரில் அந்த மருந்து கண்டறியப்பட்டது. 8,000-க்கும் மேற்பட்ட கிணறுகளைச் சோதித்ததில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளில் அது அரசு வகுத்த எல்லையைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அப்பகுதியில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. புழுவைக் கொல்லப் போட்ட நஞ்சு, மனிதர் குடிக்கும் நீரில் வந்து சேர்ந்துவிட்டது.

இது ஒன்று மட்டுமன்று. நூற்புழுக் கொல்லியான டி.பி.சி.பி. என்பதைத் தயாரித்த தொழிலாளர் பலர் மலடாகிவிட்டது 1977-இல் கலிபோர்னியாவில் தெரிய வந்தது. மெத்தில் புரோமைடு வானின் ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 2005-லும் பிற நாடுகளில் 2015-லும், சில விலக்குகள் தவிர, அதன் வேளாண் பயன்பாடு முடிவுக்கு வந்தது.

இத்தனைக்கும் புழு ஒழிந்ததா? இல்லை. நஞ்சு எண்ணிக்கையைக் குறைத்தது. ஆனால் கூட்டுக்குள் இருந்த முட்டைகள் அனைத்தையும் அதனால் அழிக்க முடியவில்லை. தப்பிய சில முட்டைகளே அடுத்த உருளைப் பயிரில் பல மடங்காகப் பெருகிவிட்டன.

உதகையில் 1961

நீலகிரிக்கு உருளைக்கிழங்கைக் கொண்டுவந்தவர், உதகையை உருவாக்கிய கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் என்பர். 1820-களில் அவர் அங்கே அமைத்த தோட்டத்தில் ஐரோப்பியக் காய்கறிகளோடு இதுவும் இடம்பெற்றது. படகர் முதலிய மலைவாழ் உழவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். நாளடைவில் மலைச்சரிவெங்கும் உருளை பரவியது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக ‘ஊட்டி உருளை’ நாடெங்கும் சென்றது. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேலும் அதே நிலத்தில் நட முடிந்ததால், பலர் வேறு பயிரை நினைக்கவே இல்லை.

1961-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற நூற்புழு அறிஞர் உதகைக்கு வந்திருந்தார். விஜயநகரம் என்னுமிடத்தில் ஒரு வயலின் செடியைப் பார்த்தவர், அதன் வேரில் தமக்கு நன்கு பழக்கமான அந்தப் பொன்னிறப் புள்ளிகளைக் கண்டார். இந்தியாவில் இப்புழு கண்டறியப்பட்டது அன்றுதான். ஐரோப்பாவிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு அது மலையேறியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

அதன்பின் மலை முழுதும் ஆய்வுகள் நடந்தன. இரண்டு இனப் புழுக்களும் இங்கு இருப்பது தெரிந்தது. 1971-இல் தமிழ்நாடு அரசு தொற்றுத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்லக் கட்டுப்பாடு விதித்தது. விதைக்கிழங்கு விற்றுப் பிழைத்த மலை உழவனுக்கு இது பெரும் இழப்பு. ஆயினும் பிற மாநிலங்களைக் காக்க வேறு வழியில்லை. பின்னர் கொடைக்கானல் மலையிலும் புழு காணப்பட்டது. 2018-இல் இமாச்சலப் பிரதேசம், ஜம்மு-காஷ்மீர், உத்தரகண்ட் ஆகிய வடபுலத்து மலைப்பகுதிகளிலும் இருப்பது வெளியாகி, அங்கிருந்து விதைக்கிழங்கு செல்வதற்கும் தடை வந்தது. சமவெளியின் வெப்பமான மண் இதற்கு ஒவ்வாது. ஆனால் குளிர்ந்த மலைமண் எங்கிருந்தாலும் இதற்கு வீடுதான்.

எழுப்பிப் பட்டினி போடும் ரகம்

இதற்கிடையே ஒரு நல்ல திருப்பமும் நேர்ந்தது. 1939-இல் ஜாக் ஹாக்ஸ் முதலிய பிரிட்டிஷ் தாவர இயலார் தென் அமெரிக்காவுக்குச் சென்று நாட்டு ரகங்களையும் காட்டு ரகங்களையும் திரட்டி வந்தனர். அப்படி உருவான தொகுப்பிலிருந்த செடிகளை எல்லன்பி என்ற விலங்கியல் அறிஞர் புழு நிறைந்த மண்ணில் நட்டுச் சோதித்தார். 1950-களின் தொடக்கத்தில், ஆண்டிஸ் மலையின் நாட்டு உருளை ஒன்றில் எதிர்ப்புத் திறன் இருப்பதைக் கண்டார். எதிரி பிறந்த இடத்திலேயே அதற்கு மாற்றும் பிறந்திருந்தது!

இந்த எதிர்ப்பு வேலை செய்யும் விதம் வியப்பானது. எதிர்ப்பு ரகத்தின் வேரும் வழக்கம்போல் கசிவை விடும், முட்டைகள் விழித்தெழும், புழு வேருக்குள் நுழையும். ஆனால் அது உணவுக்களமாக்க முயலும் செல்கள் மடிந்துவிடுகின்றன. பெண் புழு வளர வழியின்றிப் பட்டினியால் சாகிறது. வெறும் தரிசாக விடுவதை விட இது விரைவாகப் புழுவைக் குறைக்கும். இந்த மரபணுவைத் தாங்கி 1960-களில் கேம்பிரிட்ஜில் உருவான ‘மாரிஸ் பைப்பர்’ என்ற ரகம் பிரிட்டனில் பெரும்புகழ் பெற்றது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த மரபணு தங்க நூற்புழுவை மட்டுமே தடுத்தது. அதே ரகத்தைத் திரும்பத் திரும்ப நட்ட வயல்களில் வேறொரு புழு பெருகியது. அது பொன்னிறமாகாமல் வெளிறியே இருப்பது. 1973-இல் ஸ்டோன் என்பவர் அதைத் தனி இனமாகப் பிரித்து ‘பாலிடா’ என்று பெயரிட்டார். ஒரே ஆயுதத்தை எப்போதும் நம்பினால், அதற்கு அடங்காத எதிரியை நாமே வளர்த்துவிடுகிறோம்.

உதகையை அடுத்த முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டு இனங்களையும் தாங்கும் ரகங்களைத் தேடினர். 1985-இல் ‘குஃப்ரி ஸ்வர்ணா’ வெளியாயிற்று. பின்னர் ‘குஃப்ரி நீலிமா’, ‘குஃப்ரி சஹ்யாத்ரி’ ஆகியவை வந்தன.

நீங்கள் செய்யக் கூடியது

இனி உங்கள் கொல்லைப் பாத்திக்குத் திரும்புவோம். வேர்க்கசிவு இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் சிறிதளவு முட்டைகள் தாமாகவே பொரிந்து, உணவின்றி மடிகின்றன. இந்த அளவு இடத்துக்கு இடம் மாறும். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 100 முட்டைகள் மூன்றாண்டில் 30 ஆகும். ஏழாண்டில் 6 ஆகும். ஆண்டிஸ் மக்கள் ஏழாண்டு காத்திருந்ததன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

ஆகவே செடிகள் பூக்கும் பருவத்தில் ஒன்றிரண்டை மெல்லப் பெயர்த்தெடுத்து, வேரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். குண்டூசித் தலையினும் சிறிய வெண்ணிற அல்லது பொன்னிற மணிகள் ஒட்டியிருந்தால் எதிரி வந்துவிட்டான் என்று அறியுங்கள். அந்தப் பாத்தியில் குறைந்தது மூன்று நான்கு ஆண்டுகளுக்கு உருளை வேண்டாம்; தக்காளியும் கத்தரியும் வேண்டாம். கேரட், முள்ளங்கி, பூண்டு, முட்டைக்கோசு, பீன்ஸ் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கிழங்கு கிளறும்போது விட்டுப்போன சிறு கிழங்கு தானாக முளைத்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள். ஒரு செடி போதும், புழுவை வளர்க்க. மீண்டும் நடும்போது எதிர்ப்பு ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். அதையும் ஆண்டுதோறும் நடாதீர்கள். சந்தையில் வாங்கிய சமையல் கிழங்கை விதையாக்க வேண்டாம். ஒரு பாத்தியில் புழங்கிய மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குள் கொண்டுபோகாதீர்கள். கடல் கடந்து வந்ததும் மலையேறியதும் இந்தப் புழுவின் திறமையால் அன்று. ஒட்டிய மண்ணை மனிதர் சுமந்து சென்றதால்தான்.

புழுவை அடியோடு ஒழிக்க எவராலும் இதுவரை முடியவில்லை. ஆண்டிஸ் மலையில்கூட அது இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே உருளையும் இருக்கிறது. அதை உண்டு மக்களும் வாழ்கின்றனர். உருளைக்கிழங்கு வேர் அழைக்கும் வரையில் இந்தப் புழு உறங்கும். எப்போது அழைப்பது, எவ்வளவு காலம் அழைக்காமலிருப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.